இழப்புக்கு முன்பே வரும் துக்கம்

கேள்வி: என் 8 வயது மகளுக்குத் தீவிரமான இதயத்தசை நோய். சிகிச்சை நடக்கிறது, முழுதாகக் குணமாகும் என்று டாக்டர் சொல்லவில்லை. அவள் தூங்கும்போது, அவள் இல்லாத வீடு கண்முன் வந்துவிடுகிறது. நானே அவளுக்குக் கெட்டது நினைக்கிறேனோ என்று பதறுகிறேன். போன வாரம், "அம்மா, நான் செத்துப்போயிடுவேனா?" என்று கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

பதில்: நீங்கள் கெட்டது நினைக்கவில்லை. இழப்பு வருமோ என்ற பயத்திலேயே துக்கம் தொடங்கிவிடும் என்று மனநல மருத்துவர் எரிக் லிண்டமன் 1944இலேயே எழுதியிருக்கிறார். இப்போது அழுவதால் நம்பிக்கையைக் கைவிட்டதாக ஆகாது.

அந்தக் காட்சிகள் விரட்ட விரட்ட அதிகமாகும். மகளை வேறொருவர் பார்த்துக்கொள்ளும் நேரத்தில், தினமும் 15, 20 நிமிடம் அழவோ எழுதவோ ஒதுக்குங்கள். படுக்கப்போகும் முன் வேண்டாம், தூக்கம் கெடும். மற்ற நேரத்தில் வந்தால் அந்த நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். முதல் சில நாள் மனம் கேட்காது.

நிலைமை தெரியாததும் பயத்தைக் கூட்டும். "மூச்சு வாங்கினால் முதலில் என்ன செய்வது? நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது?" என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள். வலியையும் அவதியையும் குறைக்கும் வலிதணிப்பு மருத்துவக் குழு வேண்டும் என்று இப்போதே கேளுங்கள். அது கடைசி நாட்களுக்கு மட்டுமானதல்ல, சிகிச்சையோடு சேர்ந்தே நடக்கும்.

மகளின் கேள்விக்கு இன்னமும் பதில் சொல்லலாம். அவள் படம் வரையும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு ஒண்ணு கேட்டியே, ஏன் அப்படித் தோணுச்சு?" என்று ஆரம்பியுங்கள். பிறகு காத்திருங்கள். வலிக்குமா என்பதுதான் அவள் பயமாக இருக்கலாம். யாரோ பேசியது காதில் விழுந்திருக்கலாம். கேட்ட அளவுக்கே பதில் போதும்: "உனக்கு வந்திருக்கிறது பெரிய நோய். டாக்டருங்க முடிஞ்சதெல்லாம் செய்யறாங்க. என்ன ஆகும்னு எனக்கும் முழுசாத் தெரியாது. நான் உன்கூடவே இருப்பேன்." நடுவில் உங்களுக்கு அழுகை வந்தால் வரட்டும். "உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். உடம்பு மோசமானால் அதன்பின் உங்களிடம் கேட்கவே மாட்டாள். சாவைத் தூக்கம் என்றும் சொல்ல வேண்டாம், கண்மூடவே பயப்படுவாள். புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் ஸ்வீடனில் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், பிள்ளையோடு சாவைப் பற்றிப் பேசிய 147 பேரில் ஒருவர்கூட வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள்.

தூங்க வாய்ப்பு கிடைத்தும் இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை, அவளுக்கு மருந்து கொடுக்கக்கூட எழ முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அவளோடு நானும் போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அதுவரை தனியாக இருக்காதீர்கள்.