மஞ்சள் சாயம் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து வீட்டில் மாலின் என்னும் மலேசிய நாட்டு இனத்துச் செம்மறிகள் ஐந்து வளர்க்கிறோம். வெட்டிய ரோமத்தை மஞ்சள் போட்டுக் கொதிக்க வைத்தேன். பாய் மாதிரி ஒட்டிக்கொண்டது. நிறமும் சீக்கிரமே வெளுத்துவிட்டது. பாத்தேக் துணிக்குப் போடும் சாயத்தைப் போடலாமா? ரப்பர் பால் உறைய ஊற்றும் அசிட்டைச் சேர்க்கச் சொல்கிறார்கள், சரியா? பொங்கலுக்கு ஆட்டுக்கே வண்ணம் பூச வேண்டும் என்று பிள்ளைகள் வேறு அடம் பிடிக்கிறார்கள்.

பதில்: பாயானதற்கு மஞ்சள் காரணமில்லை. கம்பளி இழையில் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் உண்டு. சூட்டில் கிளறினால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அப்புறம் பிரிக்கவே முடியாது. சூடு இருக்கலாம், கிளறல் கூடாது. வெங்காய வலைப்பையில் ரோமத்தைத் தளர்வாகப் போட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த 60 பாகை நீரில் அமுக்கி, இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். நீர் ஆறும் முன்பே வெளியே எடுங்கள். இல்லாவிட்டால் கரைந்த ரோமக் கொழுப்பு திரும்ப ஒட்டும். அலசும் நீரும் அதே சூட்டில் இருக்கட்டும்.

மஞ்சள் நன்றாகப் பிடிக்கும், ஆனால் வெயிலுக்குத் தாங்காது. நான் செண்டுமல்லிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். கோயிலில் கழற்றிய மாலைகளைக் கேட்டு வாங்கிக் காயவையுங்கள். சாயம் ரோமத்தில் பிடித்து நிற்க முதலில் படிகாரம் ஏற்ற வேண்டும்; 100 கிராம் உலர்ந்த ரோமத்துக்கு 10 முதல் 12 கிராம் போதும். கடையில் 'தாவாஸ்' என்று கேளுங்கள். அதை வெந்நீரில் கரைத்து, நனைத்த ரோமத்தை இறக்கி, ஒரு மணி நேரத்தில் மெதுவாக 80 பாகைக்குக் கொண்டுவந்து, இன்னும் முக்கால் மணி அப்படியே வைத்து, பானையிலேயே ஆறவிடுங்கள். ரோமத்தின் எடைக்குச் சமமாகக் காய்ந்த பூவை வேகவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றிலும் இதே நிதானத்தில் சாயமேற்றுங்கள். சமையல் பானை வேண்டாம், சாயத்துக்கென்று ஒரு எவர்சில்வர் பானை ஒதுக்குங்கள். மாலின் ரோமத்தில் நடுநடுவே விறைத்த வெள்ளை முடி இருக்கும். அதில் சாயம் சரியாக ஏறாது, உங்கள் கைக்குறை என்று நினைக்காதீர்கள்.

அசிட் கதை முழுப் பொய்யல்ல. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தைக் கம்பளி ஆலைகளிலும் சாயத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது தோலைப் பொசுக்கும், ஆவி கண்ணைக் கெடுக்கும். வீட்டு அடுப்பில் அதை வைக்காதீர்கள். கம்பளிக்கென்று விற்கும் அமிலச் சாயத்தூள் வாங்கினால் சாதாரண வினிகரே போதும். பாத்தேக்கில் நிறத்தை நிறுத்தப் பூசும் சோடியம் சிலிகேட் கடுமையான காரம். பருத்திக்குச் சரி, கம்பளியை அரித்துவிடும்.

நிறம் கலப்பதுதான் இதில் சுகமான வேலை! நாய்க்குச் சீவும் கம்பி பிரஷ் இரண்டு இருந்தால் ஆரம்பிக்கலாம். நன்றாகக் காய்ந்த ரோமத்தை மட்டும் சீவுங்கள்; நம் ஊர் மழைக்காலத்தில் நிழலில் உலர இரண்டு மூன்று நாள்கூட ஆகும். கறுப்பு ஆட்டு ரோமத்தோடு செண்டுமல்லி மஞ்சளைக் கலந்தால், தூரத்திலிருந்து பாசிப் பச்சையாகத் தெரியும். முதலில் பத்து கிராம் மட்டும் எடைபோட்டுக் கலந்து பாருங்கள். ரோமம் சொரசொரப்பாக இருந்தால் கடையில் வாங்கிய மெரினோ என்னும் மென்மையான கம்பளியைச் சரிபாதி சேர்க்கலாம், இழை நீளம் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும்.

பச்சை வேண்டும் என்று மட்டும் மயில்துத்தத்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது தாமிரம், மாடு தாங்கும் அளவைச் செம்மறி தாங்காது. செம்பனைப் பிண்ணாக்கிலேயே தாமிரம் அதிகம், அது ஈரலில் சத்தமில்லாமல் சேரும். ஒரு நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, ஆடு சாய்ந்துவிடும். ஆகவே பிண்ணாக்கையே தீவனமாகப் போடாமல் புல்லைக் கூட்டுங்கள். எந்தச் சாயத் தண்ணீரையும் மேய்ச்சல் பக்கம் ஊற்ற வேண்டாம்.

பிள்ளைகளுக்கு மஞ்சள் தண்ணீர் கரைத்துக் கொடுங்கள், கண்ணிலும் வாயிலும் படாமல் முதுகில் பூசட்டும். வெயிலில் தானாக வெளுத்துவிடும், இங்கே அதுவே வசதி.