வாங்கிக் கட்டிக்கொள்ளும் சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலச் செய்தி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கட்டண உயர்வுக்காக ஒரு நகராட்சி ‘ஃபிளாக்’ (flak) வாங்கியதாக அதில் வருகிறது. அகராதியில் முதல் பொருள் விமான எதிர்ப்புப் பீரங்கி, அடுத்தது கடும் விமர்சனம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ‘கடும் விமர்சனம்’ என்றே போட்டுவிடலாமா? சில இடங்களில் ‘கே’ எழுத்துக்கு முன்னால் ஒரு ‘சி’யும் (flack) இருக்கிறது. எது சரி?

கே.

அன்புள்ள கே.,

பீரங்கிதான் மூத்த பொருள். ‘ஃப்லீகர்அப்வேர்கனோனே’ என்ற ஜெர்மன் கூட்டுச்சொல்லின் சுருக்கம் இது. ஃப்லீகர் என்றால் விமானி, அப்வேர் தடுப்பு, கனோனே பீரங்கி. மூன்றின் தலையெழுத்துகளையும் கிள்ளி ஒட்டியிருக்கிறார்கள். 1930களின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்து, இரண்டாம் உலகப் போரில் பீரங்கிக்கு மட்டுமல்லாமல், வானில் வெடிக்கும் அதன் குண்டுகளுக்கும் பெயராயிற்று. ஏச்சுபேச்சு என்ற பொருள் 1960களில் அமெரிக்காவில் ஏறியது.

அந்தக் குண்டு வேலை செய்த விதத்தைப் பார்த்தால் சம்பந்தம் புரியும். ஜெர்மானியரின் 88 மி.மீ. பீரங்கிக் குண்டு ஏறக்குறைய 9 கிலோ. விமானத்தின் மேல் நேராகப் பட வேண்டியதில்லை. விமானத்தின் உயரம், வேகம், திசை மூன்றையும் கணக்கிட்டு, குண்டின் மூக்கிலுள்ள கடிகாரத் திரியை இத்தனை விநாடி என்று திருகிவைத்துச் சுடுவார்கள். உயரே போய்ச் சேர இருபது விநாடிக்கு மேல் ஆகலாம். அதற்குள் விமானம் ஒன்றரைக் கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். இடையில் திசை மாறினால் கணக்கு பாழ். ஆகவே பல பீரங்கிகளைச் சேர்த்து, விமானம் வரப்போகும் இடத்தையே வெடித்துச் சிதறும் குண்டுச் சில்லுகளால் நிரப்பப் பார்த்தார்கள். விமானிக்குத் தெரிந்ததெல்லாம் சுற்றிலும் பூக்கும் கரும்புகைதான். எந்தச் சில்லு எந்தப் பீரங்கியுடையது என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே ஒரே ஒரு விமர்சகர் நூலைக் கிழித்து எழுதும் மதிப்புரையை ‘ஃபிளாக்’ என்றால் பொருந்தாது. பல வாய்கள் வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை ‘ஆக்-ஆக்’ என்றார்கள். எதிரி சுட்டது ‘ஃபிளாக்’. ஆக, ஆங்கிலத்தில் இது அடிபடுகிறவன் வாய்ச்சொல். வசவாக மாறிய பிறகும் வாக்கியத்தில் வாங்குகிறவரே பெரும்பாலும் எழுவாய். ‘அவர் இவரை ஃபிளாக்கினார்’ என்று ஆங்கிலத்தில் எழுத வழியில்லை. பன்மையும் கிடையாது.

‘கடும் விமர்சனம்’ தப்பில்லை, ஆனால் அதில் சூடு இல்லை. ‘விமர்சனம்’ என்றதும் யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியது போலாகிவிடுகிறது. ‘கண்டனக் கணைகள்’ தேய்ந்துபோன தலைப்புச் செய்தி. நம்மிடம் ‘வாங்கிக் கட்டிக்கொள்வது’ இருக்கிறதே! அதிலும் வாங்குகிறவரே எழுவாய். பேச்சுநடைக் கட்டுரையென்றால், ‘கட்டணத்தை உயர்த்தி நகராட்சி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது’ என்று எழுதுங்கள். நாளிதழ் நடையென்றால், ‘நாலா பக்கமிருந்தும் கண்டனத்துக்கு ஆளானது’. ‘நாலா பக்கமிருந்தும்’ என்பதை மட்டும் வெட்டிவிடாதீர்கள், சொல்லின் உயிர் அங்கேதான்.

‘சி’ விஷயம்: விமர்சனத்துக்கு ‘சி’ இல்லாத வடிவமே நல்லது. ‘சி’ சேர்த்து எழுதுவதையும் சில அகராதிகள் ஏற்கின்றன. ஆனால் அந்த எழுத்துக்கோப்பில் இன்னொரு சொல் இருக்கிறது: நடிகர்களுக்கும் நிறுவனங்களுக்கும் விளம்பரம் தேடித்தரும் மக்கள்தொடர்பு ஆள். வசவு வாங்கும் முதலாளிக்காகச் சமாளிக்க வருகிறவரும் அவரேதான் என்பதால், இரண்டும் ஒரே செய்தியில் வரும். அங்கே கவனம்.