மெரினாவில் சூரியன் மறையாது

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி நிச்சயமான ஜோடிகளின் அவுட்டோர் போட்டோ ஷூட் பற்றியவை. முகூர்த்த மாதங்கள் நெருங்குகின்றன போல. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மெரினாவில் சூரியன் கடலுக்குள் இறங்கும்போது ஜோடியை சில்ஹவுட்டாக, வெறும் கறுப்பு உருவமாக, எடுக்க வேண்டும். என்ன செட்டிங் வைப்பது? (சென்னை)

எந்த செட்டிங்கிலும் வராது. வங்காள விரிகுடாவில் சூரியன் உதிக்கும். மறைவது உங்கள் முதுகுப் பக்கம், கட்டடங்களுக்கு மேலே. நீங்கள் கேட்கும் படம் விடியற்காலையில் கிடைக்கும். ஜூனில் உதயம் 5.45 வாக்கில், ஜனவரியில் ஆறரையைத் தாண்டிவிடும். அதற்கு அரை மணி முன்னால் ஜோடி மேக்கப்போடு மணலில் நிற்க வேண்டும். மாலைதான் வேண்டும் என்றால் முட்டுக்காடு காயல் பக்கம் போங்கள், அங்கே மேற்கிலும் தண்ணீர் உண்டு. எங்கே போனாலும் முந்தைய நாள் அதே நேரத்துக்கு ஒருமுறை போய் நின்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் இதை எழுதுகிறேன். யாரும் போவதாகத் தெரியவில்லை.

85 எம்.எம். லென்ஸில் எஃப் 1.4 வைத்து எடுத்தேன். பெண் ஷார்ப், மாப்பிள்ளை அவுட் ஆஃப் ஃபோகஸ். லென்ஸில் கோளாறா? (கரூர்)

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு மீட்டர் தூரத்தில், லென்ஸ் துளையை அவ்வளவு அகலமாகத் திறக்கும் அந்த அப்பர்ச்சருக்கு, முன்பின்னாக நாலைந்து சென்டிமீட்டர்தான் ஷார்ப்பாக வரும். அதற்குள் இரண்டு முகம் எப்படி அடங்கும்? எஃப் 4 வையுங்கள், ஷார்ப்பாக வரும் ஆழம் கூடும்.

மாலை நாலிலிருந்து ஆறரைக்குள் ஐந்து உடை மாற்ற வேண்டும் என்கிறார்கள். கோல்டன் ஹவரை எப்படிப் பிரித்துக்கொள்வது? (கோவை)

பிரிக்க அங்கே ஒன்றும் இல்லை. பொன்வெயில் நேரத்துக்கு ஹவர் என்பது குளிர்நாட்டுக்காரர்கள் வைத்த பெயர். அவர்கள் ஊரில் சூரியன் சாய்வாக, சாவகாசமாக இறங்கும். நம் பக்கம் கிட்டத்தட்ட செங்குத்தாக விழுந்துவிடும். நல்ல பொன்வெயில் நமக்கு அரை மணிதான், அதில் ஒரு உடைதான். பட்டுப்புடவையை அதற்கு ஒதுக்குங்கள், ஜரிகை சாய்வெயிலில் எழுந்து நிற்கும். மற்றதை ஐந்தரைக்குள் நிழலில் முடியுங்கள். ஐந்து என்பதை மூன்றாக்கச் சொல்லிப் பாருங்கள். அப்புறம், உடை மாற்ற ஒரு அறை ஏற்பாடு செய்யுங்கள். கார் கதவுக்குப் பின்னால் போய் மாற்றச் சொல்வது அநியாயம்.

பெண் வீட்டில் பகல் 11 முதல் 2 வரைதான் அனுப்புவார்களாம். ஷூட் சித்திரை முதல் வாரம். தப்பிக்க வழி உண்டா? (காரைக்குடி)

சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில் உங்கள் ஊரில் உச்சிவெயில் நேராகத் தலைமேல் நிற்கும், நிழல் காலடிக்குள் போய்விடும். வெளியே எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் தெரியும். ஆனால் காரைக்குடியில் இருந்துகொண்டு ஏன் கவலை? பெரிய வீடு ஒன்றில் அனுமதி வாங்குங்கள். வளவு என்கிற நடுக்கட்டின் திறந்த முற்றத்தில் விழுகிற வெயில் தரையிலும் வெள்ளைச் சுவரிலும் பட்டு, சுற்றுத் தாழ்வாரம் முழுக்க மெத்தென்று பரவும். ஜோடியை நிழல் விளிம்புக்கு ஒரு முழம் உள்ளே, முற்றத்தைப் பார்க்க நிறுத்துங்கள். வெளிச்சத்தைத் திருப்ப தெர்மோகோல் அட்டைகூட வேண்டாம். முந்தைய நாள் அதே நேரத்துக்குப் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேனா?

தோப்புக்குள் எடுத்தால் முகம் பச்சையடிக்கிறது. (பொள்ளாச்சி)

மேலே இலை, கீழே புல், வேறு என்ன அடிக்கும்? தோப்பு ஓரத்துக்கு வாருங்கள், முகம் திறந்த வானத்தைப் பார்க்கட்டும். செம்மண் பாதை இருந்தால் இன்னும் நல்லது.

பெண் மாநிறம். அவர் அம்மா தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் வெளுப்பா காட்டுங்க தம்பி" என்றார். ஒரு ஸ்டாப் ஓவராக எடுக்கட்டுமா, எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளட்டுமா? (திருநெல்வேலி)

இரண்டும் வேண்டாம். இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது, எனக்கும் மாதம் தவறாமல் கோபம் வருகிறது.

ஒரு ஸ்டாப் ஏற்றினால், அதாவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்கினால், முகம் மட்டுமா ஏறும்? மாப்பிள்ளை வேட்டியில் மடிப்பு காணாமல் போகும், வானம் வெள்ளைத்தாள் ஆகும், ஜரிகை வெறும் கோடாகும். அப்படி எரிந்துபோனதை, கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா ஃபைலும் ஓரளவுக்குத்தான் மீட்டுத்தரும். எடிட்டிங்கில் முகத்தை மட்டும் வெளுத்தால் கழுத்தும் மருதாணிக் கையும் காட்டிக்கொடுத்துவிடும்.

பல நேரம் சிக்கல் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டரில்தான் இருக்கிறது. கேமரா எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி ஃபிரேமில் நிறைந்தால் எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும், முகம் இருண்டுவிடும். உடனே, "பொண்ணு கறுப்பா தெரியுறா" என்று பழி அவள்மேல் விழுகிறது. முகத்தில் ஸ்பாட் மீட்டர் வையுங்கள், அந்த இடத்தை மட்டும் அளக்கும். மாநிறத்துக்குக் காட்டுகிறபடியே எடுங்கள், நல்ல கறுப்புக்கு அரை அல்லது முக்கால் ஸ்டாப் குறையுங்கள். வேட்டி எரிகிறதா என்று ஹிஸ்டோகிராமில், அதாவது வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தில், ஒரு பார்வை. கறுத்த தோலுக்கு வெளிச்சத்தின் அளவைவிட மினுப்பு முக்கியம். ஒரு வெள்ளைச் சுவரோ தெர்மோகோலோ பக்கவாட்டில் இருந்தால் கன்ன எலும்பில் ஒரு பளபளப்பு ஓடும், முகத்துக்கு வடிவம் வந்துவிடும். அதன்மேல் பவுடர் அப்பினால் அதுவும் போச்சு.

பிலிம் காலத்தில் நிறம் சரிபார்க்க கோடாக் லேபுகளுக்கு ஓர் அட்டை அனுப்பும். ஷெர்லி கார்டு என்பார்கள். அதில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். அந்த அட்டைக்கு ஒத்துவராத முகங்கள் சேறடித்து வரும். அட்டை போய்விட்டது, இப்போது அந்த வேலையை ஃபோனின் பியூட்டி மோடு பார்க்கிறது.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். முதல் பத்துப் படத்தில் நல்லதாக ஒன்றை ஸ்கிரீனில் காட்டுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேர் அதற்குமேல் கேட்பதில்லை. மீதிப் பேருக்கு, "பொண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்மா" என்று சொல்லுங்கள்.

ரயில் தண்டவாளத்தில் மாலைவெயில் பேக்லைட்டில்... (விழுப்புரம்)

கேள்வியை முடிக்கவே வேண்டாம். 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. அது போகட்டும், 85 எம்.எம். லென்ஸில் கண்ணை வைத்திருப்பவருக்குப் பின்னால் வரும் வண்டி தெரியாது.

மாமல்லபுரத்தில் ட்ரைபாட் விடுவார்களா? (செங்கல்பட்டு)

தொல்லியல் துறை இடம். முன்கூட்டியே அனுமதி வாங்காமல் ட்ரைபாடை விரித்தால் காவலாளி வந்து நிற்பார். கடற்கரைக் கோயில் கிழக்கு பார்த்தது, காலையில் போங்கள்.

சார், படம் நல்லா வரல. என்ன பண்றது? (ஊர் இல்லை)

எந்த நேரம், எந்தப் பக்கம் வெளிச்சம், என்ன லென்ஸ்? அந்தப் படத்தையாவது அனுப்பியிருக்கலாம். முந்தைய நாள் போய்ப் பார்த்தீர்களா?