மேஸ்திரியிடம் கேளுங்கள்: பீரோவுக்குப் பின்னால் நிற்கும் காற்று

கேள்வி: எங்கள் பின்கட்டு அறை 10க்கு 12 அடி. 4க்கு 4 ஜன்னல் ஒன்று, அதற்கு நேர் மேலே எக்ஸாஸ்ட் ஃபேன். கதவு எதிர்ச்சுவரில். நாள் முழுக்க ஃபேன் ஓடியும் பீரோவைத் திறந்தால் மக்கிய வாடை. பீரோ ஒட்டி நிற்கும் வெளிச்சுவரில், அது மறைத்த இடம் மட்டும் கறுத்துப் பூஞ்சை. பெயின்ட் அடித்தோம், மூன்றே மாதத்தில் திரும்பிவிட்டது. ஓதமா ஐயா?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: தரை ஓதம் என்றால் அடிச்சுவர் முழுக்கக் காரை பொரிந்து உப்புப் பூத்திருக்கும். இது நின்றுபோன காற்றின் வேலையம்மா. தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம் வேலூரைக் கேலி பேசுவார்களே, காற்றில்லாத ரூமையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். அத்தனை வீடு பார்த்துவிட்டேன்.

வறண்ட வெயில் ஊரில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு ஜன்னல் வேண்டும் என்பது தேசியக் கட்டட விதி. அந்தக் கணக்கில் உங்களுக்கு 12 சதுர அடி போதும், 16 இருக்கிறது. கணக்கில் பாஸ்தான்.

ஃபேனைப் போட்டுவிட்டு, பீரோ மூலையில் ஊதுபத்தி பிடித்துப் பாருங்கள். புகை மேலே போய் அங்கேயே தொங்கும். ஜன்னலோரம் பிடித்தால் சர்ரென்று ஃபேன் பக்கம் இழுக்கும். கிட்டத்தில் எங்கே வழி இருக்கிறதோ அங்கிருந்துதான் ஃபேன் காற்றை எடுக்கும். ஜன்னலில் நுழைந்தது அப்படியே மேலேறி வெளியே போகிறது. அறைக்குள் ஒன்றும் அசையவில்லை, மீட்டர்தான் ஓடுகிறது.

அதனால் ஃபேன் ஓடும்போது ஜன்னலைச் சாத்துங்கள். கதவையும் முன்கட்டு ஜன்னல் ஒன்றையும் திறந்து வையுங்கள். சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கதவைச் சாத்தித்தான் வைப்போம் என்றால் அதற்கு மேல் ஒரு வென்டிலேட்டர் உடைத்து வையுங்கள். சீலிங் ஃபேனை நம்பாதீர்கள், அது இருக்கிற காற்றையே கலக்கும்.

மார்கழிப் பனியில் வெளிச்சுவர் ராத்திரியில் ஜில்லிட்டுவிடும். நம் மூச்சும் உள்ளே காயப்போட்ட துணியின் ஈரமும் பீரோ சந்தில் மாட்டி, அந்தச் சுவரில் வேர்க்கும். பீரோவை உள்சுவருக்கு மாற்றுங்கள். இடமில்லையென்றால் நாலு விரல் தள்ளி வையுங்கள்.

உங்களைச் சொல்கிறேனே, ஏ.சி. போட்டபோது என் வீட்டு வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்தவன் நான். ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே விடாது என்று தெரிந்தே செய்தேன். வீட்டுக்காரம்மாவின் கல்யாணப் பட்டில் புள்ளி விழுந்த பிறகுதான் அட்டையைப் பிய்த்தேன்.

பூஞ்சையை உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், பறக்கும். மூக்கைக் கட்டிக்கொண்டு ஈரத்துணியால் துடையுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்தபிறகு பெயின்ட். அப்புறமும் கறுத்தால், மாடியில் அந்த இடத்துக்கு மேலே பைப் ஏதும் போகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.