சந்தா குறைகிறது, என்ன செய்யலாம்?

திருகோணமலை திருக்கடலூர்ப் பக்கத்திலிருந்து சனசமூக நிலையப் பொருளாளர் ஒருவர் கேட்கிறார்: "முன்பள்ளிக் கூரையை மாற்ற வீட்டுக்கு வீடு மாதச் சந்தா சேர்க்கிறோம். முதல் மாதம் அநேகமாக எல்லாரும் தந்தார்கள். பிறகு மாதத்துக்கு மாதம் குறைகிறது. தராதவர்களின் பெயரைப் பலகையில் எழுதிப் போடுங்கள் என்கிறார்கள் சிலர். கனடாவில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் பாதிச் செலவை ஏற்கத் தயார். அது தெரிந்தால் இங்குள்ளவர்கள் தரமாட்டார்கள் என்று சொல்லாமல் வைத்திருக்கிறோம். சரிதானா?"

முதலில் ஒன்று: உங்கள் சனம் கஞ்சர்கள் ஆகிவிடவில்லை. இந்தச் சரிவு ஆய்வுகூடங்களில் பலமுறை பார்த்த ஒன்றுதான். ஆளுக்குக் கொஞ்சம் காசு கொடுத்து, விரும்பியதைப் பொதுப்பெட்டியில் போடச் சொல்வார்கள். சேர்ந்ததைப் பெருக்கி எல்லாருக்கும் சமமாகப் பங்கிடுவார்கள். முதல் சுற்றில் சராசரியாகப் பாதிக் காசு விழும். சுற்றுகள் போகப் போக வற்றிவிடும்.

ஏன் என்று சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் ஃபிஷ்பாகர், கெக்டர், ஃபெர் என்ற பொருளியலாளர்கள் பார்த்தார்கள் (2001). ஏறக்குறைய பாதிப் பேர் "மற்றவர்கள் போட்டால் நானும் போடுவேன்" என்ற ரகம். மூன்றில் ஒரு பங்கினர் எப்படியும் போடமாட்டார்கள். முதல் ரகத்தினரும் மற்றவர்களைவிட ஒரு பிடி குறைத்தே போடுகிறார்கள். அதனால்தான் சரிவு. நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்தப் பாதிப் பேரைப் பற்றி. தராத மூன்றிலொரு பங்கின் பின்னால் அலைந்து நேரத்தைக் கொட்டாதீர்கள்.

உங்கள் கரையையே பாருங்கள். கரைவலை இழுக்கும்போது யார் கயிற்றில் நிற்கிறார்கள், யார் கை தளர்கிறது என்பது எல்லார் கண்ணிலும் படும். இந்தோனேசியாவின் லமலேரா கிராமத்தில் கூட்டாகப் படகேறித் திமிங்கிலம் பிடிப்பவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. ஒருவர் ஒரு தொகையைப் பிரித்துப் பங்கு சொல்ல வேண்டும். மற்றவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. அங்கே சராசரியாக 58 வீதத்தை மற்றவருக்கே கொடுக்க முன்வந்தார்கள். பெருவின் காட்டில் அவரவர் குடும்பமாக உழைத்து வாழும் மச்சிகெங்கா மக்களிடம் அது 26 வீதம்தான். சேர்ந்து தொழில் செய்யும் ஊரில் பகிர்வும் கூடுதலாக இருக்கிறது. திருக்கடலூருக்கு அந்தப் பழக்கம் புதிதல்ல. ஆனால் உங்கள் சந்தாவோ வாசலில் பற்றுச்சீட்டு எழுதியதோடு மறைந்துவிடுகிறது. பக்கத்து வீடு தந்ததா என்று யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் தரவில்லை என்றே மனம் கணக்குப் போடும்.

அதனால் பலகை வேண்டும், ஆனால் தந்தவர்களுக்காக. தொகை வேண்டாம், பெயர் போதும். ஐந்நூறு தந்தவர் கூச வேண்டியதில்லை. பலகை மட்டும் காலத்துக்கும் கை கொடுக்காது. நெதர்லாந்தில் 30 தேவாலயங்களில் மூடிய பைக்குப் பதில் திறந்த கூடையை நீட்டியபோது, தேவாலயத்துக்கு வெளியேயுள்ள காரியங்களுக்கான காணிக்கை முதலில் 10 வீதம் கூடி, பிறகு பழைய நிலைக்கே வந்துவிட்டது. எனவே ஓரளவு காசு சேர்ந்ததும் சில கூரைச் சீற்றுகளை வாங்கி முன்பள்ளி வளவில் அடுக்குங்கள். பில்லையும் பலகையில் ஒட்டுங்கள்.

தராதவர் பட்டியல் வேண்டவே வேண்டாம். அதே பொதுப்பெட்டி விளையாட்டில், குறைவாகப் போட்டவரின் காசைக் குறைக்கும் தண்டனை ஒத்துழைப்பைக் கூட்டும் என்று ஃபெர், கெக்டர் காட்டியது உண்மை. ஆனால் 2008-இல் வெளியான ஆய்வொன்றில் உலகின் 16 இடங்களில் அதையே செய்து பார்த்தபோது, சில ஊர்களில் தண்டிக்கப்பட்டவர்கள் நன்றாகத் தந்தவர்களையே திருப்பித் தண்டித்தார்கள். ஊர்ச் சண்டை எப்படிக் கிளம்பும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கனடாக் காசை மறைப்பதுதான் நீங்கள் செய்யும் பெரிய பிழை. புளோரிடாப் பல்கலைக்கழகம் ஒன்று கணினி வாங்க நன்கொடை கேட்டுக் கடிதம் அனுப்பியது. 10 வீதம் ஏற்கனவே கையில் இருப்பதாகச் சிலருக்கும், 67 வீதம் இருப்பதாகச் சிலருக்கும் எழுதினார்கள். பின்னவர்களிடமிருந்து வந்த மொத்தக் காசு ஏறக்குறைய ஆறு மடங்கு. வேலை நிச்சயம் முடியும் என்று தெரிந்தால்தான் சனம் நம்பிக் கொடுக்கும். அந்த ஊர்க்காரரிடம் காசை முதலிலேயே வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், அடுத்த கூட்டத்திலேயே அறிவியுங்கள்.

கடைசியாக, மாரியில் கடல் கொந்தளித்துத் தொழில் படுக்கும் மாதங்களுக்கு எல்லா வீட்டுக்கும் சந்தாவை முன்கூட்டியே குறைத்துவிடுங்கள். அப்போது காசில்லாதவரை, தர மனமில்லாதவர் என்று யாரும் எண்ணிக் கையை மூட மாட்டார்கள்.