அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து கமரா வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 26. திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். காலையில் கரைவலை இழுக்கிற நேரம் கடற்கரையில் ஓடித் திரியும் நாய்களைப் போனில் படம் எடுப்பேன். ஓட்டத்தில் எடுத்தால் எல்லாம் கலங்கிப் போகிறது. நல்ல கமரா வாங்கினால், வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கும் படம் எடுத்துக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று நினைக்கிறேன். கனன் ஆர்10, கூடவே வரும் 18-45 லென்ஸுடன் 385,000 ரூபா சொல்கிறார்கள். கையில் 210,000 ரூபா இருக்கிறது. மீதிக்குத் தன் சங்கிலியை அடகு வைக்கச் சொல்லி அம்மா தருகிறார். வைக்கலாமா?

பதில்: தம்பி, சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். கமரா வாங்குங்கள், ஆனால் இந்தக் கமராவை இந்த லென்ஸோடு இப்போது வேண்டாம்.

முதலில் அடகைப் பார்ப்போம். உங்களுக்குக் குறைவது 175,000 ரூபா. வட்டி வருடத்துக்கு 15 வீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வருடத்தில் 26,250 ரூபா வட்டிக்கே போகும். வங்கியில் உண்மையான வீதத்தைக் கேட்டு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வட்டியைவிட எனக்குப் பயம் உங்கள் வருமானத்தின் போக்கில்தான். ஹோட்டல் வேலையில் அடிப்படைச் சம்பளத்துக்கு மேலே வருகிற சேர்விஸ் சார்ஜ்தான் கையை நிறைக்கும். நம் கிழக்குக் கரையில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. நவம்பரில் மழை பிடித்தால் அறைகள் வெறுமையாகும், அந்தக் காசும் சுருங்கும். வட்டி மட்டும் பன்னிரண்டு மாதமும் ஏறிக்கொண்டே இருக்கும். தவணைக்குள் மீட்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். எங்கள் வீட்டில் அக்காவின் காப்பு ஒன்று அப்படித்தான் போனது. அந்த நாளை நான் மறக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி அந்த 385,000 ரூபாவுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். ஆர்10 நல்ல கமராதான். நாயின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடரும், மெக்கானிக்கல் ஷட்டரில், அதாவது ஒளியை உள்ளே விட்டு மூடும் திரையில், செக்கனுக்கு 15 படம் எடுக்கும். திரை அசையாத எலெக்ட்ரோனிக் ஷட்டரில் 23 என்று கடையில் சொல்வார்கள். அதில் ஓடுகிற நாயின் கால்கள் வளைந்து விழும், அந்த எண்ணுக்காகக் காசு கொடுக்க வேண்டாம். உண்மையான குறை லென்ஸில் இருக்கிறது. லென்ஸின் மில்லிமீற்றர் எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், 18-45 லென்ஸ் 45இல் நின்றுவிடும். 20 மீற்றர் தூரத்தில் ஓடும் நாயை 45 மில்லிமீற்றரில் எடுத்தால், படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குகூட நாய் வராது. அதே இடத்திலிருந்து 250 மில்லிமீற்றரில் எடுத்தால் பாதிப் படத்தை நிறைக்கும். ஆக, அடகு வைத்து அந்தப் பெட்டியை வாங்கிய அடுத்த மாதமே நீளமான லென்ஸுக்கு இன்னொரு கடன் தேடுவீர்கள்.

அதனால் கணக்கை லென்ஸிலிருந்து தொடங்குங்கள். கனனின் பழைய 55-250 எஸ்.டி.எம். லென்ஸ் இரண்டாம் கையில் கிடைக்கும். எடை குறைவு, ஃபோகஸ் வேகம். அதற்குப் பாவித்த கனன் 7டி மார்க் 2 கமரா ஒன்றைத் தேடுங்கள். 2014இல் வந்தது, செக்கனுக்கு 10 படம், 65 ஃபோகஸ் புள்ளி, ஓரளவு மணலும் தூறலும் தாங்கும் உடம்பு. நாயின் கண்ணை அதுவாகப் பிடிக்காது. புள்ளியை நாயின் மேல் வைத்து நீங்கள்தான் கமராவைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும், முதல் மாதம் நிறையப் படம் வீணாகும். அந்தப் பழக்கம் பிறகு எந்தக் கமராவுக்கும் உதவும்.

பாவித்ததை வாங்கும்போது ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது இதுவரை எத்தனை தடவை ஷட்டர் விழுந்தது என்பதைக் கேளுங்கள். 7டி மார்க் 2இன் ஷட்டரை 200,000 தடவைக்குச் சோதித்ததாகக் கனன் சொல்கிறது. ஒரு காலையில் 800 படம், மாதத்தில் எட்டுக் காலை என்றால் வருடத்துக்கு 76,800. ஏற்கெனவே 120,000 ஓடிய கமரா என்றால் நீங்கள் வாங்குவது ஏறக்குறைய ஒரு வருட ஆயுள்தான், விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும். இந்த எண் பொதுவாகக் கனன் படக்கோப்பில் இருக்காது. கேபிள் போட்டுக் கணினியில் பார்க்க வேண்டும், அதற்கு விடாத ஆளிடம் வாங்காதீர்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பூஞ்சணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடற்காற்றுள்ள ஊரில் அது சீக்கிரம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கச் சில ஆயிரம் ஒதுக்குங்கள்.

கமரா, லென்ஸ், மெமரி கார்ட், ஒரு மேலதிக பற்றரி எல்லாமாக 140,000 ரூபாவைத் தாண்ட வேண்டாம். அதற்குள் அமையாவிட்டால் காத்திருங்கள். மீதி 70,000 மழை மாதங்களுக்கு வங்கியில் கிடக்கட்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை. ஆடி மாதத்தில் நம்மவர் வீடுகளில் கலியாணம் வைப்பதில்லை. கலியாணப் படம் எடுக்கிற தம்பிமாரின் கமராக்கள் அப்போது சும்மா இருக்கும், 70-200 லென்ஸோடு ஒரு நாளைக்கு வாடகைக்குக் கேளுங்கள். சிலர் விற்க நினைப்பதும் அந்த நேரம்தான். விடிந்ததும் கடற்கரைக்குப் போய் அலையோரம் நின்று கரையைப் பார்த்து எடுங்கள். நம் கடலில் சூரியன் முன்னால் எழும்பும், கடலைப் பார்த்து எடுத்தால் நாய் கறுத்துப் போகும். ஷட்டரை ஆயிரத்தில் ஒரு செக்கனுக்கோ அதைவிட வேகமாகவோ வையுங்கள். போனில் கலங்கியதற்குப் பெரும்பாலும் காரணம் ஷட்டர் மெதுவாக விழுந்ததுதான்.

சம்பாத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வருடம் கமராவிலிருந்து ஒரு சதமும் வராது என்றே திட்டமிடுங்கள். நாய் வளர்க்கிற ஐந்து வீட்டுக்காரர் காசு கொடுத்துப் படம் வாங்கினால் அதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் காசு தனிக் கணக்கில் சேர்ந்து ஆர்10இன் உடம்புக்கு மட்டும் போதுமானதாக வளரும் நாளில் அதை வாங்குங்கள். லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவில் ஓர் அடாப்டர் போட்டால் உங்கள் 55-250 அதிலும் வேலை செய்யும், இன்று லென்ஸுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது.

ஆடியில் எடுத்த படங்களில் நல்லதாக இரண்டை எனக்கும் அனுப்புங்கள்.