மேடைக்குக் கீழே எட்டிப் பாருங்கள்: ஹாப் அடுப்பு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஹாப் பற்றியவை. சமையல் மேடைக் கல்லில் ஓட்டை போட்டுப் பதிக்கிற கண்ணாடி அடுப்பைத்தான் எல்லோரும் இப்போது ஹாப் என்கிறார்கள். சாதாரண அடுப்பைத் தூக்கி நிறுத்தினால் அதன் வயிறு முழுக்கத் தெரிந்துவிடும். ஹாப்பில் கண்ணாடி மட்டும்தான் நம் கண்ணுக்கு. வால்வு, கேஸைப் பீய்ச்சும் சின்ன மூக்கான ஜெட், டியூப் இணைப்பு எல்லாம் கிரானைட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். இருபது வருடமாக அடுப்பு பழுது பார்க்கிறேன். ஹாப் வந்த பிறகு என் வேலையில் பாதியை மல்லாக்கப் படுத்தபடியே செய்கிறேன்.

புது வீட்டுக்கு மாடுலர் கிச்சன் போடுகிறோம். ஹாப்புக்கு நேர் கீழே சிலிண்டரை வைத்து, கதவு போட்டு மூடிவிடலாம், பார்க்க அழகாக இருக்கும் என்கிறார் கார்பென்டர். செய்யலாமா? (திண்டுக்கல் வாசகி)

அலமாரிக்குள் வைக்கலாம். காற்றுப் புகாமல் மூடுவதுதான் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. கொட்டிய தண்ணீர் மாதிரித் தரையோடு தரையாகத் தேங்கும். காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். திறந்த சமையலறையில் கலைந்து போகிற ஒரு சின்னக் கசிவு, மூடிய அலமாரிக்குள் இரவு முழுக்கச் சேர்ந்தால் அந்த அளவை எட்டிவிடும். அதனால் கதவின் அடியில், தரையை ஒட்டி, காற்றுத் துளைகள் கட்டாயம். மேல் பக்கமும் ஒரு வரிசை வேண்டும். கீழ்த் துளை வழியாகக் கேஸ் வெளியேறும், மேல் துளை வழியாகக் காற்று உள்ளே வரும். டிசைன் கெட்டுவிடும் என்று கார்பென்டர் முகம் சுளித்தால், சுளிக்கட்டும்.

நேர் கீழே வைப்பதைவிடப் பக்கத்து அலமாரியில் வைப்பது மேல் என்பேன். ஹாப்பின் அடித்தகடு நன்றாகவே சூடாகும். டியூப் அதில் உரசிக்கொண்டிருந்தால் ரப்பர் சீக்கிரம் கெடும். தடுப்புப் பலகையில் துளை போட்டு டியூபை எடுத்தால், துளையின் விளிம்பை மழமழப்பாகத் தேய்க்கச் சொல்லுங்கள். டியூப் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபாக, ஒன்றரை மீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். அதன் ஆயுள் 5 வருடம். வருடம் டியூபிலேயே அச்சிட்டிருக்கும். எட்டவில்லை என்று இரண்டு துண்டை ஒட்டுப்போடுகிற வேலையே வேண்டாம். தூரம் அதிகமென்றால் கேஸ் ஏஜென்சி மூலமாகச் செம்புக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: முதலில் ஹாப்பை வாங்குங்கள், அப்புறம் கல்லை வெட்டுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் வெட்டும் அளவு வேறு. பெட்டிக்குள் இருக்கும் தாளில் மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். ஒரு வீட்டில் கல் வேலைக்காரர் குத்துமதிப்பாக வெட்டிவிட்டார். ஓட்டை பெரிதாகி, ஹாப்பைப் பிடித்து நிறுத்தும் கிளாம்புகள் கல்லில் பிடிக்கவே இல்லை. சிலிக்கான் பசையை அப்பி ஒட்டி வைத்திருந்தார்கள். அதை வெளியே எடுக்க எனக்கு அரை நாள் ஆனது.

சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அதன் முன்னால் அரிசி டின், எண்ணெய் கேன் எதுவும் வைக்காதீர்கள். அவசரத்தில் ரெகுலேட்டருக்கு ஒரே எட்டில் கை போக வேண்டும்.

குமிழைத் திருப்பினால் பற்றிக்கொள்கிறது. கையை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. பத்து நொடி அழுத்திப் பிடித்தால்தான் நிற்கிறது. வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. மாற்றிக் கேட்கலாமா? (நாகர்கோவில் வாசகர்)

அவசரப்படாதீர்கள். உங்கள் ஹாப்பில் தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு வசதி இருக்கிறது. பர்னர் ஓரத்தில் இரண்டு சின்னக் குச்சிகள் தெரிகிறதா? வெள்ளைப் பீங்கான் போர்த்தியது தீப்பொறிக்கு. வெறும் உலோக முனையாக நிற்பது தெர்மோகப்பிள். இரு வேறு உலோகங்களைச் சேர்த்துச் செய்தது. தீ பட்டால் அதில் சில மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாகும். அந்தத் துளி மின்சாரம்தான் உள்ளே ஒரு காந்த வால்வைத் திறந்தே வைத்திருக்கிறது. பால் பொங்கியோ காற்றடித்தோ தீ அணைந்தால், முனை ஆறும், மின்சாரம் நிற்கும், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் வால்வு தானாக மூடிக்கொள்ளும். முனை சூடேறுவதற்குத்தான் அந்தச் சில நொடிகள்.

ஐந்து முதல் பத்து நொடி பிடிப்பது சகஜம். முன்பு ஐந்து நொடியில் நின்றது இப்போது இருபது ஆகிறது என்றால், முனையில் பால் கருகிப் படிந்திருக்கும். அடுப்பு ஆறிய பிறகு ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துக் காயவிடுங்கள். குச்சியை வளைக்காதீர்கள், தீ அதன் மேல் படும்படி இருக்க வேண்டும். அப்படியும் சரியாகவில்லை என்றால் தெர்மோகப்பிளை மாற்ற வேண்டும்.

"இது தொல்லை சார், கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்லும் மெக்கானிக் யாராவது வந்தால், ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். நம் ஊரில் விற்கும் பல ஹாப்களில் இந்த வசதியே கிடையாது. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டில் ஹாப் கண்ணாடி வெடித்துச் சிதறியதாம். எங்கள் வீட்டிலும் அதே மாதிரி அடுப்பு. அன்றிலிருந்து பயந்துகொண்டே சமைக்கிறேன். (திருச்சி வாசகி)

அது கடினமாக்கிய கண்ணாடி. செய்யும்போதே மேல்பரப்பை அமுக்க விசையிலும் உள்பக்கத்தை இழுவிசையிலும் வைத்திருப்பார்கள். அதனால் நடுவில் நல்ல பலம், விளிம்பில் பலவீனம். ஒரு மூலை அடிபட்டாலும் முழுக் கண்ணாடியும் ஒரே சமயத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாக உதிரும். கத்தி மாதிரிக் கூரான சில்லுகளாக உடையாதிருக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

நான் போய்ப் பார்த்த வீடுகளில் காரணம் ஏறக்குறைய இவைதான். ஸ்டாண்டைவிட அகலமான தோசைக்கல்லையோ அண்டாவையோ வைத்து மணிக்கணக்கில் எரிப்பது: தீ பாத்திரத்தின் அடியில் மோதிக் கீழே திரும்பிக் கண்ணாடியைச் சுடும். இரண்டாவது, இறக்கிய குக்கரைக் கண்ணாடி மேலேயே வைப்பது. மூன்றாவது, சுடச்சுட இருக்கும்போதே ஈரத்துணி போடுவது. நான்காவது கண்ணுக்குத் தெரியாது: பர்னர் சரியாக உட்காராமல், அல்லது அதன் அடியில் கேஸ் கசிந்து, கண்ணாடிக்குக் கீழே தீ எரிவது. இருட்டில் ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு அடுப்பை எரியவிட்டு, பர்னரின் அடிப்பக்கம் நீலமாக ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

கண்ணாடியை உருவாக்கும்போதே உள்ளே மாட்டிக்கொண்ட நிக்கல் சல்ஃபைடு துகளால் எந்தக் காரணமும் இல்லாமல் உடைவதும் உண்டு, அரிதுதான். பயந்துகொண்டு சமைக்க வேண்டாம். வத்தல் வறுக்கும் பெரிய வாணலி, விசேஷத்துக்கு வைக்கும் அண்டா இவற்றை மட்டும் ஹாப்பில் ஏற்றாதீர்கள். வெளியே ஒரு பழைய அடுப்பு இருந்தால் அதற்குத்தான் அந்த வேலை.

ஒரு பர்னர் மட்டும் மஞ்சளாக எரிகிறது. குக்கர் அடியெல்லாம் கரி. (விருதுநகர் வாசகி)

ஒரு பர்னர் மட்டும் என்றால் நல்ல செய்தி. சிலிண்டரிலோ ரெகுலேட்டரிலோ கோளாறு இல்லை. கேஸோடு சேர வேண்டிய காற்று அங்கே குறைகிறது. முதலில் பர்னர் மூடியைக் கழற்றித் திரும்பப் பொருத்திப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும், கழுவிவிட்டுக் கோணலாக வைத்திருப்பார்கள். அடுத்தது துளைகளில் அடைப்பு. மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள்: சிலந்தி. கேஸும் காற்றும் கலக்கும் குழாய்க்குள் கூடு கட்டிவிடும். ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து வந்தவர்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

சோறு பொங்கி உப்புத்தண்ணீர் வழிந்தால் கொஞ்ச நேரம் ஆரஞ்சு நிறத்தில் எரியும். அது உப்பிலுள்ள சோடியத்தின் வேலை, தானே போய்விடும். விடாமல் மஞ்சளாக எரிவது வேறு விஷயம். சரியாக எரியாத தீயிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது. சரிசெய்யும்வரை அந்தப் பர்னரைத் தொடாதீர்கள்.

பித்தளை பர்னரைப் புளி போட்டுத் தேய்க்கிறேன். மகள் கூடாது என்கிறாள். யார் சொல்வது சரி? (கும்பகோணம் வாசகி)

நீங்கள்தான். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பித்தளையின் கறுப்பை எடுத்துவிடும், குத்துவிளக்குக்குச் செய்வதேதான். ஆனால் இரவெல்லாம் ஊற வைக்காதீர்கள். பத்து நிமிடம் போதும். கழுவி, உதறி, வெயிலில் முழுக்கக் காய வைத்த பிறகே மாட்டுங்கள். ஈர பர்னர் படபடவென்று எரிந்து அணையும்.

உங்கள் மகளுக்கும் ஒரு பாதி நியாயம் உண்டு. சில ஹாப்களில் பர்னர் அலுமினியக் கலவை, மூடி கறுப்பு எனாமல். அவற்றுக்குப் புளியும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். அலுமினியம் சோடாவில் கறுத்துப்போகும். பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் போதும். கண்ணாடிக்கும் அதேதான், கம்பி நார் மட்டும் கூடாது. பர்னர் துளைகளை ஊக்கால் குத்தலாம். உள்ளே இருக்கும் ஜெட்டின் நுண்துளையைக் குத்தவே குத்தாதீர்கள். அது ஒரு நூலளவு பெரிதானாலும் தீயின் அளவே மாறிவிடும்.

துடைத்த பிறகு அடுப்பு தானாக டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. (சேலம் வாசகர்)

குமிழுக்குக் கீழே உள்ள சுவிட்சில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கரண்டில் வேலை செய்வதென்றால் பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரி என்றால் கழற்றுங்கள். குமிழ்களை எடுத்துவிட்டு ஒரு நாள் காயவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இனிமேல் தண்ணீரைக் கண்ணாடியில் தெளிக்காமல் துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள்.

குமிழ் இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விடலாமா? (பொள்ளாச்சி வாசகி)

வேண்டாம்மா. தேங்காய் எண்ணெய் சூட்டில் பிசின் மாதிரியாகி இன்னும் இறுக்கிவிடும். வால்வுக்கென்றே சூடு தாங்கும் கிரீஸ் இருக்கிறது. வால்வைக் கழற்றித் துடைத்துப் பூச வேண்டும். அது மெக்கானிக் வேலை. முடிந்ததும் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்காமல் அவரை அனுப்பாதீர்கள். தீக்குச்சி கொளுத்திக் காட்டுபவரை அடுத்த முறை கூப்பிடாதீர்கள்.

எங்கள் அடுக்ககத்துக்குக் குழாய் வழி கேஸ் வருகிறது. இதே ஹாப்பை அப்படியே மாட்டிக்கொள்ளலாமா? (சென்னை வாசகர்)

அப்படியே முடியாது. சிலிண்டர் கேஸ் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் அடுப்புக்கு வருகிறது, குழாய் கேஸ் சுமார் 21-இல். அதே அளவு கேஸில் குழாய் கேஸுக்கு எரிசக்தியும் பாதிக்குக் கீழே. அதனால் ஜெட் துளை பெரிதாக வேண்டும். மாற்றாமல் மாட்டினால் தீ சோனியாக எரியும். அதைவிட ஆபத்து, பிற்பாடு வேறு வீடு போய், பெரிய ஜெட்டோடு சிலிண்டரை மாட்டுவது: மஞ்சள் தீ உயரமாக எழும்பும். பழைய ஜெட்களை ஒரு கவரில் போட்டு, எதற்கானவை என்று எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

இரவில் கேஸ் நாற்றம் வந்தது. மாமியார் உடனே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. சரிதானே? (மதுரை வாசகி)

ஒன்றும் ஆகவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம். சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே ஒரு சின்னப் பொறி பறக்கும். எரிகிற மின்விளக்கு எரியட்டும், அணைந்தது அணைந்தே இருக்கட்டும். அடுப்புக் குமிழ்களையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். கதவு ஜன்னல்களைத் திறங்கள். சாமி விளக்கு எரிந்தால் அணையுங்கள். பழகியவர் என்றால் ரெகுலேட்டரைக் கழற்றிச் சிலிண்டர் வாயில் வெள்ளை மூடியைப் போடலாம். அந்த மூடியைத் தூக்கிப் போட்டுவிடாமல் நூலோடு சிலிண்டரிலேயே தொங்கவிட்டிருக்கிறீர்களா? பிறகு எல்லோரும் வெளியே வந்து, அங்கிருந்து 1906-ஐக் கூப்பிடுங்கள். எல்லா நேரமும் எடுப்பார்கள்.

நாற்றம் போய்விட்டது என்று மூக்கை நம்பி உள்ளே போகாதீர்கள். கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது. எத்தில் மெர்காப்டன் கலந்துதான் அந்த நாற்றம். சற்று நேரத்தில் மூக்கு அதற்குப் பழகிவிடும்.

வாடகை வீடு. ஆசையாக இருக்கிறது, ஹாப் வாங்கலாமா? (திருநெல்வேலி வாசகி)

கல்லில் ஓட்டை போட வீட்டுக்காரர் சம்மதித்தாலும், காலி செய்யும்போது அந்த ஓட்டையை உங்களோடு எடுத்துப் போக முடியாதே. காலோடு வரும் ஹாப்டாப் வாங்குங்கள். மேடை மேலேயே வைக்கலாம், சொந்த வீடு வந்தால் பதித்துக்கொள்ளலாம். வாங்கும்போது தெர்மோகப்பிள் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் தெரியாது என்றால், ஒரு பர்னரை உற்றுப் பாருங்கள்: எத்தனை குச்சி?